கிராம் கணக்கைக் கப் கணக்காக மாற்றுவது எப்படி?

முதன்முதலாக நான் கேக் செய்தபோது குறிப்பில் 'மைதா 250 கிராம்' என்று இருந்தது. வீட்டில் தராசு கிடையாது. அடியில் '250 மிலி' என்று பொறித்த ஒரு கப் மட்டும் இருந்தது. இரண்டும் 250 தானே என்று ஒரு கப் மைதாவைத் தலைதட்டிப் போட்டேன். முட்டை, வெண்ணெய், சர்க்கரை எல்லாம் குறிப்பில் சொன்னபடியே சேர்ந்தன. ஓவனிலிருந்து வெளியே வந்ததைக் கேக் என்று சொல்ல முடியாது. ஓரம் கறுத்து, நடுவில் பள்ளம் விழுந்து, கரண்டியால் அள்ளித்தான் சாப்பிட வேண்டியிருந்தது. பிற்பாடு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் போட்ட மைதா ஏறக்குறைய 130 கிராம், அதாவது வேண்டியதில் பாதி.

கிராம் என்பது எடை. மிலி, கப், ஸ்பூன் எல்லாம் ஒரு பொருள் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று சொல்லும் அளவுகள். தண்ணீருக்கு மட்டும் இரண்டும் ஒன்றாக வந்துவிடும்: 1 மிலி தண்ணீர் 1 கிராம். பாலும் கிட்டத்தட்ட அப்படித்தான். மற்றவை அப்படி ஒத்துப்போகாது. 250 மிலி கப்பில் தேன் ஊற்றினால் 355 கிராம் வரும். அதே கப்பில் கோகோ பவுடர் போட்டால் 100 கிராம் வருவதே அபூர்வம். அதனால் '100 கிராம் எத்தனை கப்?' என்று மொட்டையாகக் கேட்டால் பதில் சொல்ல முடியாது. என்ன பொருள், எந்தக் கப், அதை எப்படி நிரப்புகிறீர்கள் என்பது தெரிந்தாக வேண்டும்.

முதல் வேலை: உங்கள் கப்பை அளந்து பாருங்கள்

பலரும் இதைச் செய்யாமல் நேராக அட்டவணையைத் தேடுகிறார்கள். கப் என்பது உலகம் முழுக்க ஒரே அளவு இல்லை. அமெரிக்கக் கப் 236.6 மிலி. அந்த நாட்டிலேயே உணவுப் பாக்கெட்டுகளின் சத்துப் பட்டியலில் 240 மிலி என்று கணக்கு வைக்கிறார்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக் குறிப்புகளில் 250 மிலி. ஜப்பானியச் சமையல் குறிப்பு என்றால் 200 மிலி. மின்சார ரைஸ் குக்கருடன் வரும் குட்டி பிளாஸ்டிக் கப் 180 மிலி. இந்தக் கடைசிக் கப்தான் பெரிய வம்பு. வீட்டில் கப் என்று கையில் அகப்படுவது பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். 250 மிலி கப்புக்கு எழுதிய குறிப்பை அதை வைத்துச் செய்தால் எல்லாமே கால் பங்குக்கும் மேல் குறைந்துவிடும்.

'எந்தக் கப்பாக இருந்தால் என்ன, எல்லாவற்றையும் ஒரே கப்பால் அளந்தால் சரிதானே?' என்று கேட்கலாம். குறிப்பு முழுக்கக் கப்பிலேயே இருந்தால் சரிதான். ஆனால் 'முட்டை 2', 'ஈஸ்ட் 1 பாக்கெட்' என்று எண்ணிக்கையில் ஏதாவது வந்துவிட்டால் அந்த விகிதம் உடைந்துவிடும். முட்டை உங்கள் கப்புக்கு ஏற்றபடி சுருங்காது.

சோதிப்பது சுலபம். தராசு இருந்தால் காலிக் கப்பை வைத்து பூஜ்யம் ஆக்கிவிட்டு, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். தராசு காட்டும் கிராம்தான் உங்கள் கப்பின் மிலி. தராசு இல்லையென்றால் 500 மிலி தண்ணீர் பாட்டில் ஒன்றைத் திறந்து கப்பில் ஊற்றிப் பாருங்கள். சரியாக இரண்டு முறை நிரம்பினால் 250 மிலி கப். இரண்டு முறை நிரம்பி, ஒரு டேபிள்ஸ்பூனுக்குச் சற்று அதிகமாக மிஞ்சினால் 240. இரண்டரைக் கப் வந்தால் 200.

ஸ்பூனுக்கும் இதே சோதனை வேண்டும். அளவு ஸ்பூன் செட்டில் டீஸ்பூன் 5 மிலி, டேபிள்ஸ்பூன் 15 மிலி. ஆஸ்திரேலியாவில் மட்டும் டேபிள்ஸ்பூன் 20 மிலி, அதாவது நான்கு டீஸ்பூன். சாப்பிடுகிற ஸ்பூனை நம்பாதீர்கள், அது ஒவ்வொரு வீட்டிலும் ஒரு அளவு. இருமல் மருந்துடன் வரும் மூடியில் 5, 10, 15 மிலி என்று கோடு போட்டிருக்கும். அதைக் கழுவி வைத்துக்கொண்டால் ஸ்பூனைச் சோதிக்க அதைவிட நல்ல கருவி வேறில்லை.

கணக்கு

ஒரே ஒரு வகுத்தல்தான். குறிப்பில் உள்ள கிராமை, அந்தப் பொருள் ஒரு கப்புக்கு எத்தனை கிராம் இருக்கும் என்ற எண்ணால் வகுங்கள். வருவது கப்.

மைதா 300 கிராம் வேண்டும். என் 250 மிலி கப்பில் மைதா 130 கிராம் பிடிக்கும். 300-ஐ 130-ஆல் வகுத்தால் 2.31. இரண்டு கப் போக மீதி 0.31 கப். புள்ளிக்குப் பின்னால் வருவதை அப்படியே விட்டால் அடுப்படியில் பிரயோஜனம் இல்லை, அதனால் அதை மிலி ஆக்குங்கள்: 0.31 × 250 = 77 மிலி. ஒரு டேபிள்ஸ்பூன் 15 மிலி என்றால் ஐந்து டேபிள்ஸ்பூன். ஆக, 2 கப், 5 டேபிள்ஸ்பூன். முடிந்தது.

மிச்சம் கால், அரை, முக்கால் என்று நெருங்கி வந்தால் ஸ்பூன் கணக்குக்கே போக வேண்டாம். 225 கிராம் மைதா 1.73 கப் என்று வரும். ஒன்றேமுக்கால் கப் போட்டால் 227 கிராம். இரண்டு கிராம் கூடியதற்காக எந்தக் கேக்கும் கோபித்துக்கொள்ளாது.

இப்போது அந்த 'ஒரு கப்புக்கு இத்தனை கிராம்' என்ற எண் வேண்டும். 250 மிலி கப்புக்கு நான் சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருப்பது இது:

தண்ணீர்: 250 கிராம்
பால்: 258
எண்ணெய்: 230
தேன்: 355
வெண்ணெய்: 240
சர்க்கரை: 210
பழுப்புச் சர்க்கரை (அழுத்தி நிரப்பியது): 225 முதல் 230
ஐசிங் சர்க்கரை: 120 முதல் 125
மைதா: 130
கார்ன்ஃப்ளார்: 130
கோகோ பவுடர்: 90 முதல் 100
ஓட்ஸ்: 95 முதல் 105
அரிசி (வேகாதது): 200

உங்கள் கப் 240 மிலி என்றால் ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு நான்கு குறைத்துக்கொள்ளுங்கள். 200 மிலி என்றால் ஐந்தில் ஒரு பங்கைக் கழியுங்கள்.

ஸ்பூனால் அளப்பவற்றுக்கு: டேபிள்ஸ்பூனில் மைதாவும் கார்ன்ஃப்ளாரும் 8 கிராம், சர்க்கரை பன்னிரண்டரை, வெண்ணெயும் எண்ணெயும் 14, தேன் 21. டீஸ்பூனில் பேக்கிங் பவுடர் 4 முதல் 5, சமையல் சோடா 5 முதல் 6, ஈஸ்ட் 3. ஈஸ்ட் 7 கிராம் பாக்கெட் இரண்டேகால் டீஸ்பூன்.

நிரப்புகிற விதம்தான் பாதி வித்தியாசம்

திரவத்தில் இந்தத் தொல்லை இல்லை. எண்ணெயை எப்படி ஊற்றினாலும் அதே எண்ணெய்தான். சர்க்கரையும் அரிசியும்கூடப் பரவாயில்லை, மணி மணியாக இருப்பதால் அவ்வளவு சுலபத்தில் அமுங்காது. மாவு அப்படி இல்லை. அதன் துகள்களுக்கு நடுவே காற்று நிறைய இருக்கிறது. கொஞ்சம் தட்டினால் இறங்கும், சலித்தால் உப்பும்.

ஒரு நாள் இதைச் சோதித்தே பார்த்தேன். ஒரே கப், ஒரே பாக்கெட் மைதா. ஸ்பூனால் மாவை மெல்லக் கிளறி, அள்ளி அள்ளிக் கப்பில் போட்டு, கத்தியின் பின்புறத்தால் தலைதட்டினேன்: சுமார் 130 கிராம். அடுத்து, கப்பையே டப்பாவுக்குள் விட்டு ஒரே அள்ளாக அள்ளித் தலைதட்டினேன். 150 தாண்டியது. மூன்றாவதாக, நிரப்பும்போது மேடைமேல் நாலு தட்டுத் தட்டி, இறங்கிய இடத்தில் மறுபடி போட்டு நிரப்பினேன். 170-க்குப் பக்கத்தில் வந்து நின்றது. பார்வைக்கு மூன்றும் தலைதட்டிய ஒரு கப்தான். மூன்று கப் மைதா கேட்கிற ரொட்டியில் இந்த வித்தியாசம் 120 கிராம் ஆகிவிடும், அதாவது கிட்டத்தட்ட ஒரு கப் மாவு கூடுதல். 'குறிப்பில் சொன்னபடிதான் செய்தேன், ரொட்டி கல் மாதிரி வந்தது' என்று சொல்பவர்களில் பாதிப் பேர் மாவை அள்ளி அளந்தவர்களாக இருப்பார்கள் என்பது என் கணிப்பு.

ஆகவே மாவு வகை எதுவானாலும் முதல் முறைதான்: கிளறி, ஸ்பூனால் போட்டு, தலைதட்டுவது. கப்பை ஆட்டவோ தட்டவோ கூடாது. என் அட்டவணையில் மைதா, கோகோ, ஐசிங் சர்க்கரை எல்லாம் இந்த முறைப்படி அளந்தவை. பழுப்புச் சர்க்கரை மட்டும் நேர் எதிர். அதில் ஈரப்பசை இருப்பதால் இஷ்டத்துக்குக் கட்டிகட்டியாக நிற்கும், நடுவே குகை மாதிரி இடைவெளி விழும். அதைக் கப்பில் அழுத்தி நிரப்ப வேண்டும். கவிழ்த்தால் கப்பின் வடிவத்திலேயே நிற்க வேண்டும்.

தலைதட்டி அளப்பது என்ற ஒழுங்கைச் சமையல் புத்தகத்துக்குள் அழுத்தமாகக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் ஃபேனி ஃபார்மர். 1896-ல் வெளிவந்த தன் புத்தகத்தில், கப்பானாலும் ஸ்பூனானாலும் விளிம்புக்குச் சமமாகத்தான் அளக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். அதற்கு முன்பெல்லாம் 'முட்டையளவு வெண்ணெய்' என்று எழுதுவது சகஜம். எந்த முட்டை என்று யார் கேட்பது?

குறிப்பில் சொல் எந்த இடத்தில் நிற்கிறது என்பதையும் கவனியுங்கள். 'சலித்த மைதா 1 கப்' என்றால் முதலில் சலித்து, பிறகு அளக்க வேண்டும். 'மைதா 1 கப், சலித்தது' என்றால் அளந்துவிட்டுச் சலிக்க வேண்டும். முதலாவதில் மாவு குறைவாக இருக்கும். நறுக்கிய முந்திரி, பாதாம், துருவிய சீஸ் எல்லாவற்றுக்கும் இதே விதிதான். துருவிய சீஸுக்குக் கப் கணக்கே எனக்குப் பிடிப்பதில்லை. மெல்லிசாகத் துருவினால் பஞ்சு மாதிரி நிற்கும், தடியாகத் துருவினால் அடங்கி உட்காரும்.

உப்பு தனிக் கதை. தூள் உப்பு ஒரு டீஸ்பூன் 6 கிராம். பெரிய, இலேசான தட்டைப் படிகங்களாக இருக்கும் உப்பு சிலவற்றில் அதே டீஸ்பூன் 3 கிராம் அளவில்தான் இருக்கும். குறிப்பு எழுதியவர் அந்த உப்பை மனதில் வைத்து 'ஒரு டேபிள்ஸ்பூன்' என்று சொல்லியிருந்து, நீங்கள் தூள் உப்பு போட்டால் இரண்டு மடங்கு. எந்த உப்பு என்று சொல்லாத குறிப்பில் பாதி போட்டு, ருசி பார்த்துக் கூட்டுவதே பத்திரம்.

திரவம், தேன், வெண்ணெய்

திரவத்துக்குக் கோடு போட்ட, மூக்கு வைத்த ஜாடி வசதி. மேடைமேல் வைத்து, குனிந்து, கண்ணைக் கோட்டுக்கு நேராகக் கொண்டுபோய்ப் பாருங்கள். மேலிருந்து பார்த்தால் தப்பாகத் தெரியும். தண்ணீர் ஓரத்தில் சற்று ஏறி நிற்கும், நடுவில் உள்ள தாழ்ந்த மட்டம்தான் கணக்கு.

தேன் ஸ்பூனிலேயே பாதி ஒட்டிக்கொள்ளும். அதே குறிப்பில் எண்ணெயும் இருந்தால் எண்ணெயை முதலில் அளந்துவிட்டு, கழுவாமல் அதே ஸ்பூனில் தேனை அளந்தால் வழுக்கிக்கொண்டு விழும்.

கட்டி வெண்ணெயைக் கப்பில் அமுக்குவது வீண் அவஸ்தை. ஜாடியில் அரைக் கப் வரை குளிர்ந்த தண்ணீர் ஊற்றுங்கள். அரைக் கப் வெண்ணெய் வேண்டுமென்றால், தண்ணீர் மட்டம் ஒரு கப் கோட்டைத் தொடும்வரை வெண்ணெய்த் துண்டுகளைப் போடுங்கள். வெண்ணெய் மிதக்கும், அதைக் கரண்டியால் முழுக்க உள்ளே அமுக்கிப் பிடித்துத்தான் மட்டம் பார்க்க வேண்டும். பிறகு தண்ணீரை வடித்துத் துடைத்துவிடுங்கள். உறையில் 50 கிராமுக்கு ஒரு கோடு போட்டிருந்தால் இதுவும் வேண்டாம், கத்தியால் வெட்டிக்கொள்ளலாம். அமெரிக்கக் குறிப்பில் 'ஒரு ஸ்டிக் வெண்ணெய்' என்று வந்தால் அது 113 கிராம், அவர்கள் கப்பில் அரைக் கப்.

அவுன்ஸ் என்ற பொறி

அவுன்ஸ் இரண்டு உண்டு. எடை அவுன்ஸ் 28.35 கிராம். திரவ அவுன்ஸ் அமெரிக்காவில் 29.57 மிலி. எட்டுத் திரவ அவுன்ஸ் ஒரு அமெரிக்கக் கப் என்பதால், 'மைதா 8 அவுன்ஸ்' என்று பார்த்தவுடன் ஒரு கப் போட்டுவிடுகிறார்கள். அது எடை அவுன்ஸ், 227 கிராம், 250 மிலி கப்பில் ஒன்றேமுக்கால். வெண்ணெய்க்கு மட்டும் எட்டு அவுன்ஸ் என்பது தற்செயலாக ஒரு அமெரிக்கக் கப்பாக அமைந்துவிடுகிறது, குழப்பம் தீராமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். உலர்ந்த பொருளின் பக்கத்தில் அவுன்ஸ் என்று இருந்தால் எடை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பவுண்டு 454 கிராம்.

அட்டவணையில் இல்லாத பொருள் வந்தால்

புதிதாக ஒரு மாவு வாங்குகிறீர்கள், எங்கும் கணக்கு இல்லை. பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். சத்துப் பட்டியலில் 'ஒரு பரிமாறும் அளவு கால் கப் (30 கிராம்)' என்பதுபோலச் சில பாக்கெட்டுகளில் எழுதியிருப்பார்கள். நான்கால் பெருக்கினால் ஒரு கப் 120 கிராம். அந்தக் கப் எத்தனை மிலி என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதுவும் இல்லையென்றால் பாக்கெட்டையே தராசாக்கிவிடலாம். உறையில் 500 கிராம் என்று இருக்கிறதல்லவா? முழுவதையும் கப்பால் அளந்து டப்பாவில் போடுங்கள். மூன்று கப் முழுசாக வந்து, மீதி 14 டேபிள்ஸ்பூன் என்று வைத்துக்கொள்வோம். மூன்று கப் 750 மிலி, 14 டேபிள்ஸ்பூன் 210 மிலி, மொத்தம் 960. 500-ஐ 960-ஆல் வகுத்து 250-ஆல் பெருக்கினால் 130. டப்பாவின் மூடியில் '1 கப் = 130 கிராம்' என்று எழுதி ஒட்டுங்கள். எப்படியும் டப்பாவில் கொட்டத்தானே போகிறோம், கூடுதல் வேலை ஐந்து நிமிஷம். இணையத்தில் கிடைக்கிற எந்த அட்டவணையையும்விட இந்த எண்ணைத்தான் நான் நம்புவேன். இது உங்கள் கப், உங்கள் கை, உங்கள் மாவு.

எங்கே பார்த்துப் பார்த்து அளக்க வேண்டும், எங்கே வேண்டாம்

சூப்பில் அரைக் கப் காய் கூடினால் ஒன்றும் ஆகாது. அரிசி வேகவைக்க, அரிசியையும் தண்ணீரையும் ஒரே கப்பால் அளந்தால் போதும், கிராம் பக்கமே போக வேண்டாம். கேக், பிஸ்கட், ரொட்டி என்று மாவும் கொழுப்பும் சர்க்கரையும் ஒன்றுக்கொன்று கணக்கு வைத்து நிற்கிற இடங்களில்தான் இந்தப் பாடெல்லாம்.

அங்கேயும் கணக்கில் வந்த எண்ணைச் சற்றுக் கூட்டியோ குறைத்தோ முழுசாக்க வேண்டியிருந்தால் எந்தப் பக்கம் சாய்வது என்று தெரிந்திருக்க வேண்டும். ரொட்டி மாவுக்குக் கொஞ்சம் குறைத்தே போடுங்கள். பிசையும்போது கையில் ஒட்டினால் ஒரு ஸ்பூன் சேர்க்கலாம், போட்டதை எடுக்க முடியாது. பேக்கிங் பவுடர், சோடாவைக் கூட்டி முழுசாக்கவே கூடாது. சோடா கூடினால் வாயில் வைத்தவுடன் சோப்பு ருசி தெரிந்துவிடும்.

ஒரு சின்ன உதாரணத்தை முழுசாகப் போட்டுப் பார்ப்போம். மைதா 225 கிராம், சர்க்கரை 150, வெண்ணெய் 115, கோகோ 25, உப்பு 3. மைதா ஒன்றேமுக்கால் கப் என்று பார்த்தாயிற்று. சர்க்கரை 150-ஐ 210-ஆல் வகுத்தால் 0.71. முக்கால் கப் அளந்து, அதிலிருந்து அரை டேபிள்ஸ்பூனை எடுத்துவிடுங்கள். வெண்ணெய் அரைக் கப்பில் ஒரு டீஸ்பூன் குறைவு. கோகோ கால் கப், தலைதட்டி. உப்பு அரை டீஸ்பூன். எழுதி முடிக்க இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. குறிப்பின் ஓரத்திலேயே பென்சிலால் எழுதிவிட்டால் அடுத்த முறை அந்த இரண்டு நிமிஷமும் மிச்சம்.

அடிக்கடி கேக், ரொட்டி செய்கிறவர் என்றால் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிவிடுவது நல்லது. பாத்திரத்தை வைத்து, பூஜ்யம் ஆக்கி, மாவைக் கொட்டி, மறுபடி பூஜ்யம் ஆக்கி, சர்க்கரையைக் கொட்டிக்கொண்டே போகலாம், கழுவக் கப்பும் மிஞ்சாது. ஆனால் தராசு வந்துவிட்டது என்று ஸ்பூன்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சாதாரண வீட்டுத் தராசு ஒரு கிராம் ஒரு கிராமாகத்தான் நகரும். 3 கிராம் ஈஸ்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினால் சில சமயம் எண் அசையவே அசையாது. அதற்குத் தலைதட்டிய ஒரு டீஸ்பூன்தான் சரி.

கப்பையோ மாவு பிராண்டையோ மாற்றினால் அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கும் எண்ணையும் ஒருமுறை சரிபாருங்கள். என் பழைய கப் கைப்பிடி உடைந்து, புதிதாக ஒன்று வாங்கினேன். அடியில் 250 மிலி என்றுதான் போட்டிருந்தது. தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் 238.